ஏழு தண்ணி கண்ட கல்லுப் பஞ்சு

எங்கள் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி வுழூச் செய்கிற இடத்தின் கடைசிக் குழாய் இப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. நான் காக்கா என்று கூப்பிடுகிற அவர் இருந்த காலத்தில் அப்படியில்லை. பாங்கு சொன்னதும் முதல் ஆளாக வந்து அதன் முன்னால் உட்காருவார். தொழுகை தொடங்க இகாமத் சொல்லும்போது முழங்கையில் நிற்பார். நாங்கள் தொழுது ஸலாம் கொடுக்கும்போது வலது காலுக்கு வந்திருப்பார். அவர் எழும்பட்டும் என்று பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பொறுமையின் நன்மையைக் கொள்ளை கொள்ளையாகச் சம்பாதித்தவர்கள்.

"காக்கா, கை கழுவியாச்சே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழங்கையில ஒரு இடம் நனையாமக் கிடந்திரிக்கும் தம்பி."

"நனைஞ்சிதான் இருந்திச்சி. நான் கண்டேன்."

"நீங்க கண்டீங்க. நான் காணல்லியே."

தன் முழங்கையைத் தானே சரியாகப் பார்க்க முடியாதபடி மனிதனைப் படைத்ததில் என்ன ஹிக்மத்து, என்ன ஞானம் இருக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான். குழாயடியில் நிற்கிறவர்களைச் சோதிக்கத்தான் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொள்வேன்.

'பட்டிருக்கும்' என்ற ஒரு சொல்லை வைத்தே அவர் காலத்தை ஓட்டினார். வீதியில் லொறி போனால் சேறு பட்டிருக்கும். மேலே காகம் போனால் எச்சம் பட்டிருக்கும். நாய் எதிர்ப் பக்கத்தால் போனால் அதன் வால் காற்றை அடித்து, காற்று சாரத்தை அடித்து, ஏதோ பட்டிருக்கும். உடனே வீட்டுக்குத் திரும்பிப் போய் உடுப்பு மாற்றுவார். கல்யாண விருந்தில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், பிஸ்மில்லாச் சொல்லித் தன் பக்கத்துச் சோற்றைச் சுற்றி விரலால் ஒரு வரம்பு கட்டுவார். இறக்காமத்து வயல்காரன்கூட அவ்வளவு நேராக வரம்பு கட்டியதை நான் கண்டதில்லை. பக்கத்தில் இருந்தவரின் இறைச்சித் துண்டு வரம்பைத் தாண்டி உருண்டால், அந்த விருந்து அவருக்கு அத்தோடு முடிந்தது.

மார்க்கம் சொல்லாத எதையும் அவர் செய்யவில்லை. மார்க்கம் போதும் என்று நிறுத்திய இடத்தில் அவர் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஓயாத இந்தச் சந்தேகத்துக்கு வஸ்வாஸ் என்று பெயர் என்றும், அது ஷைத்தானின் வேலை என்றும் மவ்லவி அவரிடமே சொல்லியிருக்கிறார். "ஓம் ஹஸரத், அந்த ஷைத்தான் பட்ட இடத்தையும் கழுவத்தானே வேணும்" என்றாராம்.

இப்படிப்பட்ட சுத்தக்காரர் என்ன தொழில் செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பித்தளை வார்த்தார்.

உடைந்த தண்ணிக் குழாய், பழைய பூட்டு, கக்கூஸ் பைப்பு மூட்டு, பழுதான பம்பின் வயிறு, யார் வீட்டு எச்சில் பட்டதென்று தெரியாத பணிக்கம், எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் சாக்கோடு வாங்கி ஒரே சட்டியில் போட்டு உருக்குவார். அங்கே 'பட்டிருக்கும்' கிடையாது. கேட்டால், "நெருப்புக்குள்ள போனா எல்லாம் சுத்தம் தம்பி" என்பார். உருகின பித்தளைக்கு மேலே கறுத்த கசடு ஆடை மாதிரி மிதக்கும். இரும்புக் கரண்டியால் ஒருதரம், ஒரே ஒரு தரம் அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை அப்படியே மண் அச்சுக்குள் ஊற்றுவார். முழங்கைக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசி அந்தச் சட்டிக்குக் கிடைத்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

பட்டறை அவருடைய வீட்டு வளவுக்குள் இருந்தது. அவருடைய வீடு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அது அவர் மனைவி ராத்தாவுக்குச் சீதனமாக வந்த வீடு. மகளுக்குக் கல்யாணம் முடித்ததும் அது மகளின் சீதன வீடாகி, இவரும் ராத்தாவும் பின்பக்கத்து அறைக்குப் போனார்கள். ஆக, வீட்டுக்காரனான மருமகன் மாமாவின் சொல்லைத் தட்ட முடியாமல் இருந்தான். வீடில்லாத மாமா எல்லா உத்தரவும் போட்டுக்கொண்டிருந்தார். கிணறு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கிணற்றின் உண்மையான சொந்தக்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நான் மீன் பிடிக்கப் போகிற படகுக்கு இன்ஜின் உள்ளுக்கு இருக்கிறது. அடியில் சுற்றுவது மூன்று இலை கொண்ட பித்தளைப் புரொப்பெல்லர். டொலர் இல்லாமல் நாட்டுக்குள் சாமான் வராத காலத்தில் அது தேய்ந்துபோனது. கல்முனைக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் அவரிடம் போனேன். நல்ல மஞ்சளாக, மினுங்க மினுங்க ஒன்று வார்த்துத் தந்தார். என் கையில் தருவதற்கு முன்னால் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் தந்தார்.

பாலமுனைக்கு நேரே ஆழத்தில் வைத்து அதன் ஒரு இலை கழன்றது. படகு உதறிய உதறலில் இன்ஜின் நின்றது. காற்றும் நீரோட்டமும் எங்களை வெளியே இழுத்தன. நானும் கூட வந்த மச்சானும் மாறி மாறி யாஸீன் ஓதினோம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வினாயகபுரத்துப் படகொன்று எங்களைக் கண்டு கிட்ட வந்தது. அதிலிருந்த தம்பி அண்ணன் முறையில் கூப்பிட்டு, கயிறை எறிந்துகொண்டே, "என்ன நானா, கடலைப் பார்க்க வந்தீங்களா, மீன் பிடிக்க வந்தீங்களா?" என்று கேட்டான். கரைவரை இழுத்து வந்து விட்டவனிடம் கோபிக்கவா முடியும்?

மறுநாள் புரொப்பெல்லரைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனேன். இலை முறிந்த இடத்தில், பித்தளைக்கு நடுவில் புளியங்கொட்டை அளவு கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. கசடு. அது இருந்த இடத்தில் பித்தளையே இல்லை.

அவர் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதை மீன் பெட்டிக்குள்ளயா வெச்சிக் கொண்டந்தீங்க?"

"காக்கா, நாங்க ரெண்டு பேரும் மவுத்தாப் போகப் பார்த்தோம்."

"அது தெரியிது தம்பி. மீன் ரத்தம் பட்டிரிக்குமே எண்டு கேட்டன்."

வீட்டில் என் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பட்டறைச் சாமான் பூட்டிய படகில் நான் கடலுக்குப் போவதென்றால், அவள் விதவைக் கால இத்தாவுக்கு வெள்ளை உடுப்புத் தைத்து வைத்துவிட்டுத்தான் என்னை அனுப்புவாளாம். வேறு புரொப்பெல்லரும் இல்லை. படகு கரையில் சும்மா கிடந்தது.

அந்த நேரத்தில்தான் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தான். அங்கே பம்பு வார்க்கிற கம்பெனியில் வேலை செய்தவன். எல்லாரும் சொக்லட்டும் போர்வையும் கொண்டுவருகிற நாட்டிலிருந்து அவன் ஒரு பெட்டி நிறையக் கல்லுக் கொண்டுவந்தான். உள்ளங்கை அளவு, சதுரம், சாம்பல் கறுப்பு. எங்கள் கடலில் கிடக்கிற முருகைக்கல் மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. தூக்கினால் ரஸ்க் பிஸ்கட் பாரம்கூட இல்லை. அதற்குக் கம்பெனிப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் வாயில் அது கல்லுப் பஞ்சு ஆனது.

"இது வடி மாமா" என்றான். "தேத்தண்ணி வடி மாதிரித்தான். அச்சுக்குள்ள பித்தளை போற வழியில இதை வெக்கிற. பித்தளை இந்த ஓட்டைகளுக்குள்ளால வளைஞ்சி வளைஞ்சி போகும். கசடு இதுக்குள்ள சிக்கி நிண்டுரும். அடிச்சிப் பாயாம அமைதியாவும் இறங்கும்."

"உருகின பித்தளையில இது உருகாதா?"

"உருகாது. இரும்பையே இதால வடிக்கிற."

"அப்ப நான் இவ்வளவு காலமும் வார்த்தது வடிக்காத தேத்தண்ணியா?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் கிணற்றைப் பார்த்தேன்.

எப்படியோ ராத்தாவின் சொல்லால், எனக்கு வேறொன்றை அதில் வடித்து வார்த்துத் தரச் சம்மதித்தார். "அவர்ர பொண்டாட்டி வெள்ளைச் சீலைக்கு அளவு எடுத்திட்டாவாம். ஒருக்கா வடிச்சித்தான் குடுங்களன்" என்று ராத்தா சொன்னது எனக்கும் கேட்டது. ஆனால் அதற்குள் வேறொரு விஷயம் நடந்திருந்தது. பெட்டியை வான் கொண்டுவந்து வாசல் கடப்படியில் இறக்கியபோது தெரு நாயொன்று வந்து அதை மணந்து பார்த்திருக்கிறது. கிணற்றடியிலிருந்து அவர் அதைக் கண்டுவிட்டார்.

ஊரில் எத்தனையோ பெட்டி இறங்குகிறது. அந்த நாய்க்கு அன்றைக்கு அந்தப் பெட்டிதான் வேண்டியிருந்தது.

"மூக்கு ஈரமாத்தான் இருந்திச்சி" என்றார் மவ்லவியிடம். நானும் கூடப் போயிருந்தேன்.

"பெட்டியில பட்டதைக் கண்டீங்களா?" என்று மவ்லவி கேட்டார்.

"காணல்ல. பட்டிரிக்கும்."

"காணாட்டி ஒண்டுமில்ல. அதுவும் சாமான் உள்ளுக்குத்தானே கிடக்கு."

"அட்டைப் பெட்டி ஹஸரத். உறிஞ்சும்."

"காக்கா, நாய்ர எச்சில் பட்டது உறுதியெண்டாத்தான் ஏழு தரம் கழுவுற, அதில ஒருதரம் மண்ணோட. உங்களுக்கு உறுதியா?"

"உறுதியில்ல. அதாலதான் பயமாக் கிடக்கு."

மவ்லவி வெளியே வந்து எங்களை அனுப்பிவைத்தார். அல்ஹம்துலில்லாஹ், விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். எனக்கு அவரைத் தெரியும் என்றும் அதுவரை நினைத்திருந்தேன்.

வார்ப்பதற்கு முந்தின நாள், மருமகன் கல்முனைக்குப் போன நேரம் பார்த்து, அவர் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். கல்லுப் பஞ்சு ஒவ்வொன்றையும் ஏழு தண்ணியில் கழுவினார். அதில் ஒன்று மண் தண்ணி. மண்ணும் சும்மா மண் இல்லை. அச்சுக்கு வைத்திருந்த நல்ல மண்ணை அரித்துக் கரைத்திருக்கிறார். பிறகு பாயில் பரப்பிக் காயவைத்தார். மாரி தொடங்குகிற காலம், வெயில் வந்து வந்து போனது. மேலே காய்ந்ததும் துணியால் துடைத்து, இருந்த மாதிரியே அடுக்கிப் பெட்டியை மூடிவிட்டார். ராத்தா கண்டார்தான். ஆனால் அவர் கிணற்றடியில் எதையாவது கழுவிக்கொண்டிருப்பது அந்த வீட்டில் காகம் கத்துவது மாதிரி. யார் அதைக் கவனிப்பது?

தண்ணீரும் உருகின பித்தளையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அச்சு மண்ணில் ஈரம் கூடினாலே கையால் பிடித்துப் பார்த்துக் கலைத்துவிடுகிறவர். வாழ்நாள் முழுக்க வேண்டாத இடத்திலெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில் மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சட்டி கொதித்தது. நானும் போயிருந்தேன். என் படகுச் சாமான் அல்லவா? மருமகன் பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்து யோசித்தான்.

"கொஞ்சம் பாரமாக் கிடக்கே."

"கடற்கரைக் காத்து" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவன் கல்லை அச்சுக்குள் வைத்து, மேல்பெட்டியை மூடினான். பிறகு இரண்டு பேரும் சட்டியைத் தூக்க இடுக்கியைப் பிடித்தார்கள். அப்போது அவர் நின்றுவிட்டார். குழாயடியில் முழங்கையைப் பார்த்து நிற்பாரே, அதே நிலை. வாய்க்குள் ஏதோ ஓதினார்.

"மனே, உன்ட சாரத்தில ஏதோ பட்டிரிக்கு. போய் மாத்திட்டு வா."

"இப்பயா மாமா? சட்டி ஆறிரும்."

"போ எண்டா போ. தம்பி, நீங்க போய்க் கிணத்தில ஒரு வாளி தண்ணி அள்ளி வைங்க."

"இப்ப என்னத்துக்குத் தண்ணி காக்கா?"

"கழுவத்தான்."

அந்த வீட்டில் இதற்கு மேல் கேள்வி கிடையாது. மருமகன் முறுமுறுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். நான் கப்பியில் கயிறை விட்டபடி, இந்த மனிதரிடம் புரொப்பெல்லர் கேட்டு வந்த என் புத்தியை ஏசிக்கொண்டிருந்தேன். வாளி பாதி ஏறி வரும்போது சத்தம் கேட்டது. குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. கயிறை விட்டுவிட்டு நிலத்தில் படுத்தேன்.

எழும்பிப் பார்த்தால் பட்டறைக் கூரைத் தகரத்தில் ஓட்டை. அச்சுப் பெட்டி பிளந்து கிடந்தது. எங்களை அனுப்பிவிட்டு அவர் தனியாகத் தூக்கி ஊற்ற, கல்லுக்குள் கிடந்த ஈரம் ஆவியாகிப் பித்தளையை ஊற்றின வழியாலேயே மேலே துப்பியிருக்கிறது. அவர் சட்டியைப் பத்திரமாக நிலத்தில் வைத்துவிட்டு நின்றார். மணிக்கட்டிலிருந்து மேலே வலது கை வெந்திருந்தது. அதே முழங்கை வரைக்கும்.

"உள்ளுக்கு நனைஞ்சிரிந்திரிக்கும்" என்றார்.

"எப்படி மாமா நனையும்? பெட்டிக்குள்ள கிடந்த சாமான்" என்று ஓடிவந்த மருமகன் கேட்டான்.

ராத்தா வாசலில் நின்றபடி அழுதுகொண்டே சொன்னார்: "ஏழு தண்ணியில கழுவினா நனையாம என்ன செய்யும்?"

நான் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்திருக்காது. வாயைத் திறந்து ஏசியும் இருப்பேன். ஆனால் மருமகன் ஏசவில்லை. கழற்றி வந்த பழைய சாரம் அவன் தோளில் கிடந்தது. அதை எடுத்து விரித்துப் பார்த்தான். மறுபக்கம் திருப்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் பட்டிருக்கவில்லை. சாரத்தை மடித்து வைத்துவிட்டு, மாமாவின் நல்ல கையைப் பிடித்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

காயம் ஆறும்வரை அந்தக் கையில் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பள்ளிவாசலில் செய்தி பரவியதும் சிலர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அல்லாஹ் மன்னிப்பானாக. அந்தக் கைக்குத் தண்ணிக்குப் பதிலாகத் தயம்மும் செய்தால் போதும் என்று மவ்லவி சட்டம் சொன்னார். சுத்தமான புழுதி மண்ணில் கையைத் தட்டித் தடவினால் முடிந்தது. மார்க்கம் எவ்வளவு இலேசாக்கித் தந்திருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் நெகிழ்ந்துபோனோம். அடுத்த தொழுகை வக்துக்கு அவர் பட்டறை அரிதட்டோடு வந்தார். மண்ணை அரித்தார். அரித்த மண்ணில் ஏதோ கிடந்திருக்கும் என்று மறுபடி அரித்தார். குழாயடியில் நின்ற வரிசை அன்றிலிருந்து அரிதட்டுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

இரண்டாம் தரம் மருமகன் வார்த்தான். மிச்சக் கல்லுகளை உலை விளிம்பில் காலையிலிருந்து சுட்டு, அதில் ஒன்றைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித்தான் அச்சுக்குள் வைத்தான். அவர் கட்டுப்போட்ட கையோடு ஒரு பலகையில் உட்கார்ந்து பார்த்தார். பித்தளை சத்தமே இல்லாமல் இறங்கியது. ஆறியதும் அச்சை உடைத்து, வழியில் உறைந்த துண்டை அறுத்து, கல்லை அவர் கையில் கொடுத்தான். அதன் மேல்பக்கம் முழுக்கக் கறுத்த கசடு நிறைந்து நின்றது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவும் முந்தி எங்க போனது?"

"என்ட படகுக்குள்ளதான் காக்கா" என்றேன்.

அவர் கசடு நிறைந்த கல்லை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கை கழுவவும் இல்லை.

தன் கைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் கடலுக்குப் போகலாம் என்று என்னை மறித்து வைத்திருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. அந்த நாள் விடிய, நாங்கள் படகைத் தள்ளும்போது கரையில் நின்றார். மீன் செதிள் பறக்கிற இடமென்று எங்கள் கடற்கரைப் பக்கமே தலைவைக்காத மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நானும் வாறன்" என்றார்.

"காக்கா, உள்ளுக்கெல்லாம் மீன் தண்ணி."

"தெரியும். ஏறவா, வேணாமா?"

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏற்றிக்கொண்டோம். அவர் இன்ஜினுக்குப் பின்னால், புரொப்பெல்லர் தண்டு வெளியே போகிற இடத்துக்குப் பக்கத்தில் பலகையில் குந்தினார். அலையில் படகு எழும்பி விழும்போதெல்லாம் நல்ல கையால் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தரம் சத்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி அதே இடத்தில் குந்தினார்.

வலையை இழுத்து முடித்துத் திரும்பும்போது பாலமுனைக்கு நேரே வந்தோம். பழைய இலை கழன்ற இடம் அதுதான். அஸருக்கு நேரமாகியிருந்தது. அவர் விளிம்பால் குனிந்து கடல் தண்ணியை அள்ளினார். முகம், கை, தலை, கால் என்று கழுவி நிமிர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் வுழூவைத் தொடங்கவேயில்லை.

"காக்கா, முடிஞ்சா?"

"முடிஞ்சி."

"முழங்கை?"

அவர் வெந்த தோலைப் பார்க்கவேயில்லை. காதைப் பலகையோடு சாய்த்து வைத்திருந்தார்.

"கதைக்காதீங்க தம்பி. அடியில சுத்துற சத்தத்தைக் கேக்கிறன்."

நாங்கள் தொழுதோம். அவரும் இருந்தபடி தொழுதார். பிறகு கரை தெரியும்வரை அதே பலகையில், அதே காதோடு சாய்ந்திருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் சூரை மீனின் ரத்தம் பட்டிருந்தது. நான் கண்டேன். மச்சானும் கண்டான். கரைக்கு வந்து அவர் இறங்கி வீட்டுக்குப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.